மடிப்பின் மேல் மை

டோரீன் செட்செல் ஒரு நரம்பிழைக்கு மையில் எண் போட்டுவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கேம்பிரிட்ஜில் அந்த ஆய்வகத்தின் மூன்றாம் மாடியில் இதை யாரும் சுவரில் எழுதி ஒட்டவில்லை. ஒட்டத் தேவையும் இருந்ததில்லை. பன்னிரண்டு வருடமாக அவள் ஒரே ஒரு புழுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மில்லிமீட்டர் நீளம், அதுவும் செத்துப் பல வருடமான உருளைப்புழு. அதைப் பிசினில் இறுக்கி, வைரக் கத்தியால் ஆயிரக்கணக்கான சீவல்களாக அரிந்து, ஒவ்வொரு சீவலையும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படமெடுத்து, பெரிய தாளில் அச்சடித்து அவள் மேஜைக்கு அனுப்பினார்கள். நரம்பிழைகள் அந்தப் படங்களில் சின்னச் சின்ன வட்டங்களாகத் தெரியும். இந்தப் படத்தில் இருக்கிற வட்டம் அடுத்த படத்தில் எங்கே நகர்ந்தது, அதற்கடுத்ததில் எங்கே போயிற்று என்று தேடிப் பிடித்து எண் போட்டுக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்கப் பிள்ளை விளையாட்டாக இருக்கும். வந்தவர்களில் பாதிப் பேர் ஆறே மாதத்தில் கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஓடிப்போனார்கள்.

சந்தேகம் இருந்தால் பென்சில், கண்ணால் பார்த்து உறுதியானால் மை. அந்த மாடியில் இதுதான் சட்டம். டோரீனின் பென்சில்கள் மற்றவர்களுடையதைப் போலச் சீக்கிரம் தேய்வதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. பதினாறு வயதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஈலி ஊரின் வடிகால் வாரியத்தில் வாய்க்கால் வரைபடம் வரைந்துகொண்டிருந்தவள் அவள். டாக்டர் பட்டங்களைப் பார்த்து அவளுக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லை. பட்டம் வாங்கியவர்கள்தான் அவள் அறைக் கதவைத் தட்டி, பதில் வரும்வரை வெளியே நின்றார்கள்.

அந்த அக்டோபர் மாதத்துத் திங்கட்கிழமை காலை கதவைத் தட்டியவன் டெக்லன் டூமி.

"டோரீன், ஒரு நிமிஷம் இருக்கா?"

"நீ கேக்கறது ஒரு நிமிஷம், எடுத்துக்கறது ஒரு மணி நேரம். உக்காரு. ஐயோ, அந்த நாற்காலியில இல்ல, அதுல படம் காயுது!"

டெக்லன் உட்காராமல் ஜன்னலோரம் சாய்ந்து நின்றான். முப்பத்தோரு வயது; அயர்லாந்தில் கார்க் பக்கத்து ஆள்; வீட்டில் அறுபது கறவை மாடு. இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்கே வந்தான். டோரீன் செத்த புழுவைப் பார்த்து வரைவாள். டெக்லன் உயிருள்ள புழுக்குஞ்சை எடுத்து, லேசர் ஒளியால் ஒரே ஒரு நரம்புச் செல்லை மட்டும் சுட்டுக் கொன்றுவிட்டு, வளர்ந்த பிறகு அந்தப் புழுவுக்கு என்ன மறந்துபோகிறது என்று கவனிப்பான். எந்தச் செல்லைச் சுடுவது என்பதை அவள் வரைபடம்தான் சொல்லும்.

வரைபடம் பச்சை மையில் எண் போட்ட இழையைக் காட்டியது. புழு முன்னே போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று பின்வாங்கித் திரும்புமே, அந்தப் பின்வாங்கலுக்கு உத்தரவு கொடுக்கிற செல்களின் காதில் ஓதுவது பச்சை இழைதான் என்று டோரீன் வரைந்திருந்தாள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அவை புறப்படுகிற செல்கள் இரண்டையும் கொன்றால் புழு பின்வாங்குவதை விட்டுவிட வேண்டும். டெக்லன் இருநூற்றுப் பதினான்கு புழுக்களில் கொன்று பார்த்துவிட்டான். இருநூற்றுப் பதினான்கும் தம் பாட்டுக்குப் பின்வாங்கிக்கொண்டே இருந்தன.

செல்லைச் சரியாகச் சுடவில்லை, பையனுக்குக் கை வரவில்லை என்று மாடி முழுதும் முடிவு கட்டியாயிற்று. "பால் கறக்கிற கைக்கு லேசர் எதுக்கு?" என்று கேன்டீனில் முதலில் சொன்னவளே டோரீன்தான். மேஜையே சிரித்தது. டெக்லனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அதற்கப்புறம் அது அவனுக்குப் பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டது. இந்தச் சில மாதமாக அவன் டீக்கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிப்பதை அவள் பார்த்திருந்தாள். அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆப்ரி கடுதாசி அனுப்பறாரு," என்றான் டெக்லன். ஆப்ரி லான்யன் ஆய்வகத் தலைவர். "எனக்கு இன்னொரு வருஷம் தரலாமா வேணாமான்னு. என்ன எழுதுவாருன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

"தெரியும். அதுக்கு நான் என்ன பண்ண?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பச்சை இழை உச்சியைத் தாண்டுது பாருங்க, அந்த இடம். அதைக் கண்ணால பாத்தீங்களா?"

டோரீன் பேனாவை மூடினாள்.

"என்ன கேட்டே?"

"பாத்தீங்களான்னு கேட்டேன்."

"பன்னண்டு வருஷத்துல என்கிட்ட இப்படி ஒருத்தரும் கேட்டதில்ல. உன் கை கோணல்னா என் பேனா மேல பழி போடுவியா? போ, போயி வேலையைப் பாரு."

அவன் கதவு வரை போய்த் திரும்பினான். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "புழு ஒண்ணு சொல்லுது, படம் ஒண்ணு சொல்லுது. நீங்க, நான், புழு, மூணு பேர்ல யாரோ பொய் சொல்றோம். புழுவுக்குப் பொய் சொல்ல என்ன வந்துது, சொல்லுங்க?"

கதவு சாத்திக்கொண்டது. டோரீனுக்குக் காது வரை சூடேறிற்று. சரி, காட்டுகிறேன் என்று நினைத்தாள். உச்சிப் படங்களை எடுத்துக்கொண்டு போய் அவன் மூக்குக்கு முன்னால் விரித்துவிட்டு வந்தால்தான் ஆத்திரம் அடங்கும் போலிருந்தது. அலமாரியைத் திறந்து இருநூறாம் படத்திலிருந்து இருநூற்றிருபது வரை உருவினாள்.

புழுவின் நரம்புகள் அதன் தொண்டையைச் சுற்றி ஒரு வளையமாக ஓடுகின்றன. அந்த வளையத்துக்குள் இழைகள் வரிசை வரிசையாகப் போகும்: முன்வரிசை, பின்வரிசை என்று. பச்சை முன்வரிசையில் ஏறி வளையத்தின் உச்சியைக் கடந்து எதிர்ப்பக்கம் இறங்கும். பழுப்பு மையில் எண் போட்ட இன்னொரு இழை பின்வரிசையில் ஏறி உச்சியோடு முடிந்துவிடும். அவள் வரைந்தது அப்படி.

இருநூற்றுப் பன்னிரண்டாம் படத்தில் இரண்டு வட்டங்களும் இருந்தன. இருநூற்றுப் பதினான்காம் படத்தில் ஒரு வட்டம்தான் இருந்தது. நடுவில் இருநூற்றுப் பதின்மூன்று. அந்தச் சீவல், அரிந்ததும் தண்ணீரில் மிதக்கும்போது, மடிந்துவிட்டிருந்தது. உச்சியின் குறுக்கே விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. யார் பார்த்தாலும் தெரியாது. அந்தக் கறுப்பின் ஓரத்தில், அழகான சிறிய எழுத்தில், அவள் கையால், மையில், எண்கள்.

டோரீன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். எடுத்துவிட்டுப் பார்த்தாள். பென்சில் குறி எங்காவது இருக்கிறதா என்று தாளின் பின்புறத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தாள். இல்லை.

ஐந்து வருடத்துக்கு முந்தைய வசந்தகாலம் ஞாபகம் வந்தது. ஆப்ரி அப்போதுதான் தன் விதியைக் கண்டுபிடித்திருந்தார்: ஓர் இழை தன் அண்டை அயலை விட்டு விலகாது. ஆயிரம் இடத்தில் சரிபார்த்தார்கள், ஆயிரத்திலும் சரியாக இருந்தது. மடிப்பு வந்தால் முன்னெல்லாம் நாள்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள்; விதி வந்த பிறகு, இந்தப் பக்கம் யார் பக்கத்தில் இருந்தானோ அவனே அந்தப் பக்கமும் என்று தாண்டிப் போய்விடலாம். மடிப்புக்கு அப்பால் மிஞ்சிய வட்டம் முன்வரிசையில் நின்றது. முன்வரிசை என்றால் பச்சை. ஆகவே செத்தது பழுப்பு. போட்டாள் மையை. அவளுக்கு அன்றைக்குச் சந்தேகமே வரவில்லை. இப்போது உறுத்தியது அதுதான்.

இடப்பக்கத்து இழையும் வலப்பக்கத்து இழையும் சந்திக்கிற உச்சி என்பதால் இரண்டும் அதே மடிப்புக்குள்தான் புகுந்தன. இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது என்று அப்போது எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒரே கை இரண்டு பக்கமும் ஒரே தப்பைச் செய்தால் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

கீழ் அலமாரியில் இரண்டாவது புழு ஒன்று இருந்தது. அதையும் சீவிப் படமெடுத்து வைத்திருந்தார்கள், ஆனால் முதல் புழு மையில் முடிந்துவிட்டதால் அதன் உச்சிப் பக்கம் யாரும் போனதில்லை. டோரீன் அந்தக் கட்டை எடுத்து விரித்தாள். மடிப்பு இல்லை. இந்த முறை தலைகீழாக, இழையின் கடைசி நுனியிலிருந்து உச்சியை நோக்கி, பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தாள். எந்த வரிசை, யார் பக்கத்தில் யார் என்பதையெல்லாம் பார்க்கவே இல்லை; அந்த ஒரு வட்டத்தை மட்டும் பார்த்தாள்.

உச்சியில் அந்த வட்டம் இரண்டு அண்டை இழைகளுக்கு அடியில் நைசாகப் புகுந்து, ஒரே படத்துக்குள் பின்வரிசைக்கு நழுவிவிட்டது. அது பழுப்பு. பச்சை அதே இடத்தில் மொட்டையாக முடிந்து கிடந்தது. வலப்பக்கமும் அப்படியே.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். தப்பு செய்தவளுக்கு வர வேண்டிய வெட்கத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது: அடடா, இது எவ்வளவு பொருத்தம்! நரம்பிழைகள் பேசிக்கொள்கிற இடத்தில் படத்தில் ஒரு கறுப்புத் திட்டு தெரியும். திட்டு யார் பக்கம் இருக்கிறதோ அவர் சொல்கிறவர், எதிரில் இருப்பவர் கேட்கிறவர். பழுப்பு ஏறுகிற பாதியில், மணமும் ருசியும் அறிகிற செல்கள் எல்லாம் அதனிடம் சொல்லிக்கொண்டே வந்தன. நழுவி இறங்குகிற பாதியில், அது பின்வாங்கல் செல்களிடம் சொல்லிக்கொண்டே போயிற்று. ஒரு பாதியால் கேட்டு, வரிசை மாறி, மறு பாதியால் சொல்கிற செல். இத்தனை வருடமாக அவள் வரைபடத்தில் பழுப்பு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒருவரிடமும் மூச்சு விடாது. பச்சை யாரிடமும் எதுவும் கேட்காமல் உத்தரவு போடும். இரண்டு முட்டாள்களை வரைந்து வைத்திருந்தாள். ஒருவருக்கும் சிரிப்புகூட வரவில்லை.

நாலு மணி டீக்கு அவள் போகவில்லை. நேராக டெக்லனின் அறைக்குப் போனாள்.

"பச்சையை விடு. பழுப்பைச் சுடு. ரெண்டு பக்கமும். நாளைக்குக் காலையிலயே."

"பழுப்பா? அது சும்மா காது குடுத்துக் கேக்கற செல்தானே?"

"சுடுன்னா சுடேன்."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். "டோரீன்... அப்போ..."

"இப்ப ஒண்ணும் பேசாதே. முதல்ல சுடு."

தப்பு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. புழு சொல்லட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு படியேறினாள். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் டோரீன் கோழையாக இருந்தது அந்தப் படிக்கட்டில் மட்டும்தான்.

மறுநாள் காலை ஆப்ரியின் அறைக்கு இரண்டாவது புழுவின் படங்களோடு போனாள். ஆப்ரி லான்யன் நெடுநெடுவென்று இருப்பார். சைக்கிளில் வரும்போது கால்சட்டையில் மாட்டுகிற கிளிப்பைக் கழற்ற மறந்து சாயங்காலம் வரை அப்படியே நடமாடுவார். மேஜையில் அவர் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை கிடந்தது. முதல் பக்கத்திலேயே அந்த வாக்கியம்: ஓர் இழை தன் அண்டை அயலை விட்டு விலகுவதில்லை.

அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு, "மையில இருக்கே டோரீன்," என்றார், அவளே அதைக் கவனிக்கவில்லை என்பது போல.

"என் மைதான். தப்பான மை."

"ரெண்டாவது புழு ஒரு மாதிரியான புழுவா இருக்கலாம்."

"இடது பக்கமும் ஒரு மாதிரி, வலது பக்கமும் அதே மாதிரியா?"

ஆப்ரி மூக்கைத் தேய்த்தார். "உனக்கு அந்தப் பையன் மேல பரிதாபம். தப்பில்ல, எனக்கும் இருக்கு. அதுக்காக வளையத்தையே திருப்பி வரைய முடியாது."

"பரிதாபமா? எரிச்சல் ஆப்ரி, எரிச்சல்! அவன் கேட்டது சரியான கேள்வியாப் போச்சேன்னு நேத்துலேர்ந்து எரியுது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் விடவில்லை. "சரி. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நானே எண்ணறேன். சுட்டது ஆறு, சுடாதது ஆறு. எது எதுன்னு எனக்கும் தெரியக்கூடாது, உனக்கும் தெரியக்கூடாது. பட்டியலை உறையில போட்டு ஒட்டி அவனை என்கிட்ட குடுக்கச் சொல்லு. புழு பழையபடி பின்னால போச்சுன்னா, அவன் கடுதாசி மத்தியானம் தபால்ல போயிடும். உன் ரெண்டாவது புழுவும் அலமாரிக்குப் போயிடும்."

"போகாது," என்றாள் டோரீன்.

"அவ்வளவு நிச்சயமா?"

"இந்தத் தடவை பாத்தேன்."

மூன்று நாளில் புழுக்குஞ்சுகள் வளர்ந்துவிடும். அந்த மூன்று நாளும் டெக்லன் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். யாரோ, "என்னப்பா, இன்னிக்கு எத்தனை லிட்டர்?" என்று கேட்டார்கள். மேஜை சிரித்தது. டோரீன் சிரிக்கவில்லை. தன் வாயிலிருந்து புறப்பட்ட பேச்சு இத்தனை வாய் மாறித் திரும்பி வரும்போது எப்படி நாறுகிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வெளியே நசநசவென்று தூறல். பன்னிரண்டு தட்டுகள், தட்டுக்கு ஒரு புழு, இரை இல்லாமல் வெறும் அகார் ஜெல்லியின் மேல். இரையை விட்டு எடுத்த கொஞ்ச நேரத்துக்குப் புழு அங்கே ஓடி இங்கே ஓடி, அடிக்கடி பின்வாங்கித் தேடும். ஆப்ரி உறையைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தார். தட்டுக்கு மூன்று நிமிடம். டோரீன் கடிகாரமும் காகிதமுமாக நின்றாள். டெக்லன் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"முதல் தட்டு, ஏழு தடவை பின்னால போச்சு."

எழுதினாள்.

"ரெண்டாவது, ஆறு."

டெக்லனின் தோள் இறங்கிற்று.

"மூணாவது..." ஆப்ரி நிறுத்தினார். "மூணாவது, ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

நான்காவது எட்டு. ஐந்தாவது தட்டில் புழு தட்டின் நடுவிலிருந்து புறப்பட்டு, நிற்காமல், திரும்பிப் பாராமல், விளிம்பு வரைக்கும் போய் முட்டிக்கொண்டது. "இது என்ன, எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி போகுது!" என்றார் ஆப்ரி. அவர் குரலில் முதல் தடவையாக ஒரு சின்னப் பையனின் குதூகலம் இருந்தது. பன்னிரண்டாவது தட்டு முடியும்போது மணி பத்தே முக்கால். ஆறு புழுக்கள் ஐந்துக்கு மேல், ஆறு புழுக்கள் இரண்டோ அதற்குக் கீழோ. நடுவில் ஒன்றும் இல்லை.

ஆப்ரி உறையைக் கிழித்து, டோரீனின் காகிதத்துக்குப் பக்கத்தில் பட்டியலை வைத்தார். பின்வாங்க மறந்த ஆறும் பழுப்பைச் சுட்ட ஆறுதான். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"அப்போ என் வாக்கியத்துல 'பெரும்பாலும்'னு ஒரு வார்த்தை சேக்கணும்," என்றார் ஆப்ரி. அந்த ஒரு வார்த்தை அவருக்கு எவ்வளவு வலித்தது என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் நல்ல விஞ்ஞானி, வலியை விழுங்கிக்கொண்டார். டெக்லனின் முதுகைத் தட்டினார். "உனக்கு இன்னொரு வருஷம். நான் போயி அந்தக் கடுதாசியைக் கிழிச்சுட்டு வேற எழுதறேன்." கிளிப் மாட்டிய கால்களோடு நடைவழியில் வேகமாகப் போனார்.

டெக்லன் முக்காலியை விட்டு எழவில்லை. சந்தோஷத்தில் குதிப்பான் என்று டோரீன் எதிர்பார்த்தாள். அவன் இரண்டு உள்ளங்கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அவை வேறு யாருடையவோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருநூத்திப் பதினாலு புழு," என்றான். "அத்தனைலயும் நான் உங்க படம் காட்டின செல்லைத்தான் சுட்டிருக்கேன்."

"ஆமா."

"ஒண்ணுலகூடத் தப்பல."

"ஒண்ணுலகூடத் தப்பல."

"பொண்ணு பொறந்து நாலு மாசம் ஆச்சு டோரீன். அவளைக் குளிப்பாட்ட என் பொண்டாட்டி கூப்பிட்டா நான் போகமாட்டேன். வழுக்கிடுமோன்னு பயம். கை வராத ஆளுன்னு ஊரே சொல்லுதே." அவன் குரல் உடைந்தது. அதை மறைக்க அவன் முயலவும் இல்லை.

பன்னிரண்டு வருடத்தில் லட்சக்கணக்கான வட்டங்களுக்கு எண் போட்டவள் டோரீன். இந்த மாதிரி ஒரு கணக்கு தன் பேனாவில் ஏறும் என்று நினைத்ததே இல்லை. ஆனால் இனி தள்ளிப்போட முடியாது; போடவும் அவளுக்கு மனசில்லை.

"உன் கைல ஒரு குறையும் இல்ல," என்றாள். "தப்பு என்னோடது. பாக்காத ஒண்ணைப் பாத்தேன்னு மையில எழுதினேன். உன் ரெண்டு வருஷத்தைத் தின்னது அந்த எழுத்துதான். கை வரலன்னு முதல்ல சொல்லிச் சிரிக்க வெச்சதும் நான்தான். மன்னிச்சுக்க, டெக்லன்."

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "இன்னொரு தடவை சொல்லுங்க."

விளையாட்டுக்குக் கேட்கிறானோ என்று பார்த்தாள். விளையாட்டில்லை.

"இங்க எதுக்கு சொல்லணும்?" என்றாள் டோரீன். "எழுந்திரு. மணி பதினொண்ணு. கேன்டீன்ல எல்லாரும் இருப்பாங்க."